களப்பணியாளருக்குச் சந்தையைக் கற்றுக்கொடுப்பது எப்படி: சேலம் மரவள்ளியை வைத்து ஒரு வழிகாட்டி

ஊரக வாழ்வாதாரத் திட்டங்களில் வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் குழுவைக் கூட்டத் தெரியும், தீர்மான நோட்டு எழுதத் தெரியும், வங்கி மேலாளரிடம் நாலு முறை நடந்து கடன் வாங்கித் தரவும் தெரியும். அதே ஊரில் சாலையோரம் ஏற்றிக்கொண்டிருக்கும் கிழங்கு லோடு இன்றைக்கு ஏன் இந்த விலைக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "புரோக்கர் ஏமாத்துறான் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திட்டமும் போட முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்கு மதிப்புச் சங்கிலி, சந்தை அமைப்பு இரண்டையும் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு முதல்முறையாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பொருள் வயலிலிருந்து வாய்க்குப் போகும் பாதை, அதில் யார் என்ன வேலை சேர்க்கிறார், யார் கையில் எவ்வளவு நிற்கிறது என்பது மதிப்புச் சங்கிலி. அந்தப் பாதையைச் சுற்றியிருக்கும் கடன், போக்குவரத்து, விதை, தகவல், சட்டம், ஊர் வழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது சந்தை அமைப்பு. இந்த இரண்டாவது பார்வை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டன், சுவிட்சர்லாந்து அரசுகளின் உதவித் திட்டங்கள் வழியாகப் பரவியது. வரையறை இவ்வளவு போதும். வகுப்பில் இதற்கு மேல் நேரம் எடுத்தால் கொட்டாவிதான் வரும்.

பயிற்சியின் இலக்கையும் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து போகிறவர், சந்தையில் இருக்கும் ஒவ்வொரு ஆளும் இன்று செய்வதை ஏன் செய்கிறார் என்று அந்த ஆளின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாத வரை அவர் எந்தத் திட்ட யோசனையையும் எழுதக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

1. ஒரே ஒரு பொருளை எடுங்கள்

தேன், காளான், பனைவெல்லம், சிறுதானியம் என்று குழுவுக்கொரு பொருளாகப் பிரித்துக் கொடுக்கும் ஆசை எல்லாப் பயிற்றுநருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் பயிற்சியில் எல்லோரும் ஒரே பொருளைப் பார்த்தால்தான் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஏழைக் குடும்பங்கள் ஏற்கெனவே அதில் ஈடுபட்டிருக்க வேண்டும். வாங்க ஆள் இருக்க வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வயலும் வியாபாரியும் ஆலையும் இருக்க வேண்டும். மூன்றாவதைப் பலரும் அலட்சியப்படுத்துவார்கள். உண்மையில் பயிற்சி நன்றாக நடக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மரவள்ளியைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது அந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழிலாகச் சேலத்தில் பிடித்தது இது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் வயலும் உண்டு, சேகோ (ஜவ்வரிசி) ஆலையும் உண்டு. ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981 முதல் சேலத்தில் இருக்கிறது. ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விவசாயி, கூலி, புரோக்கர், ஆலை, சங்கம், விஞ்ஞானி என்று ஒரு சங்கிலியின் எல்லா ஆட்களும் பேருந்து போகும் தூரத்தில் கிடைக்கும் பொருள்கள் அதிகமில்லை.

நீங்கள் வேறு ஊர் என்றால் வேறு பொருள். கிருஷ்ணகிரியில் புளியோ மாம்பழமோ, ஈரோட்டில் மஞ்சளோ, அரவக்குறிச்சியில் முருங்கையோ. முறை ஒன்றுதான். கிழங்கு பிடுங்கும் பருவத்தில், லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது பயிற்சியை வையுங்கள். பருவம் முடிந்தபின் வைத்தால் மூடிய ஆலையின் கேட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

2. சாப்பிடுகிறவரிடமிருந்து தொடங்குங்கள்

சார்ட் தாளைக் கொடுத்து "சங்கிலியை வரையுங்கள்" என்றால் எல்லாரும் இடது ஓரத்தில் விவசாயியைப் போட்டுத்தான் தொடங்குவார்கள். விதை, உரம், களை என்று பாதித் தாள் வயலிலேயே தீர்ந்துவிடும். வலது ஓரத்தில் "நுகர்வோர்" என்று ஒரு கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். தாளைத் திருப்பிக் கொடுங்கள். வலது ஓரத்திலிருந்து பின்னோக்கி வரையட்டும்.

ஜவ்வரிசியை யார் சாப்பிடுகிறார்கள்? நம்மூரில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் போவது கொஞ்சம். சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் என்று வடக்கே போகிறது. அங்கே ஏகாதசி, நவராத்திரி, சிவராத்திரி என்று விரதம் இருக்கிறவர்கள் அரிசி கோதுமை சாப்பிட மாட்டார்கள், சாபுதானா கிச்சடி சாப்பிடுவார்கள். கொல்லிமலையில் கிழங்கு போட்ட ஒருவரின் வருமானம் நாக்பூரில் ஒரு குடும்பம் விரதம் இருப்பதைச் சார்ந்திருக்கிறது என்பது பயிற்சிக்கு வந்தவர்களுக்கு உறைக்கும் இடம் இது. அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு மொத்த வியாபாரிக்கும் அனுப்பி, "உங்க சரக்கு எந்த மாசம் அதிகமா போகும்?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள்.

பின்னோக்கி வரும்போது ஆலைக்குள் நடப்பதையும் கட்டம் கட்டமாகப் போட வைக்க வேண்டும். கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் படியவிட்டு, ஈர மாவைக் குருணையாக உருட்டி, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ களத்தில் காயப்போட்டு எடுப்பது ஜவ்வரிசி. ஆவியில் வேகும் ரகத்துக்கு நைலான் ஜவ்வரிசி என்று பெயர். வடித்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. திப்பியை விட்டுவிட்டு வரும் குழுவைத் திரும்ப அனுப்புங்கள். ஆலைக்காரரின் லாபக் கணக்கில் திப்பிக்கு ஓர் இடம் உண்டு. அதை விட்டால் மற்றக் கணக்கும் தப்பாகவே வரும்.

3. எடைமேடைப் பக்கம் அரை நாள் நிற்க வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். மூன்று நான்கு பேராகப் பிரித்து, ஆலை உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, எடைமேடைக்கும் மாவுச்சத்துப் பார்க்கும் இடத்துக்கும் அனுப்புங்கள். கேள்வித்தாள் கையில் இருக்கக் கூடாது. கேள்வித்தாளைப் பார்த்ததும் எந்த மேஸ்திரியும் "எல்லாம் நல்லா போகுதுங்க" என்றுதான் சொல்வார். முதல் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். பேச்சு தானாக வரும்.

என்ன பார்க்க வேண்டும்? ஆலைக்குக் கிழங்கு போகும்போது எடை ஒரு பாதி, 'பாயின்ட்' மறுபாதி. பாயின்ட் என்றால் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து. மாவு கூடக்கூடக் கிழங்கு அடர்த்தியாகும் என்பதால், மாதிரிக் கிழங்கை வெளியே ஒருமுறை, தண்ணீருக்குள் ஒருமுறை எடைபோட்டுச் சத்தைக் கணிப்பது உலகமெங்கும் உள்ள முறை. அந்த மாதிரியை யார் எடுக்கிறார்? லோடின் மேலிருந்தா, அடியிலிருந்தா? மண்ணைத் தட்டுகிறார்களா? தராசு முள்ளைப் பார்க்கும்போது விவசாயி பக்கத்தில் நிற்கிறாரா, டீக்கடையில் இருக்கிறாரா? துண்டுச் சீட்டில் எழுதுவது யார்? இதெல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்காது.

திரும்பி வந்ததும் ஒரு கணக்கு போட வையுங்கள். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. அன்றைய விலையை நீங்கள் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். டன்னுக்கு, பாயின்ட் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வையுங்கள். 28 பாயின்ட் என்றால் டன் 8,400 ரூபாய். அதே கிழங்குக்கு 26 என்று எழுதினால் 7,800. ஏக்கருக்கு 10 டன் வந்தால் இரண்டு பாயின்ட்டில் 6,000 ரூபாய் போய்விட்டது. இப்போது கேளுங்கள்: அந்த விவசாயிக்கு உரத்தில் மானியம் வாங்கித் தருவதற்கு உங்கள் திட்டம் எவ்வளவு செலவழிக்கிறது? அந்த 6,000-ஐப் பற்றி உங்கள் திட்டத்தில் எங்காவது ஒரு வரி இருக்கிறதா? வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

உடனே அடுத்த பக்கத்தையும் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆலைக்காரர் திருடர் என்ற முடிவோடு வீட்டுக்குப் போவார்கள். மழைக்குப் பிறகு கிழங்கில் சத்து குறையும். இளங்கிழங்கில் குறையும். நேற்றுப் பிடுங்கி இன்று வரும் கிழங்கில் குறையும். மண்ணோடு வரும் லோடுக்கு எடைமேடையில் பணம் கொடுத்தால் மண்ணுக்கும் பணம் கொடுத்த மாதிரி. ஆலைக்காரருக்கும் இது சூதாட்டம்தான். வாங்கிப் போட்ட கிழங்கிலிருந்து எவ்வளவு மாவு இறங்கும் என்பது தொட்டி படிந்த பிறகுதான் அவருக்கு உறுதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் நம்பும்படியான அளவீடு இல்லை என்பதே பிரச்சினை என்ற இடத்துக்கு வகுப்பு வந்துவிட்டால், சந்தை அமைப்பு என்ற பாடத்தில் பாதி முடிந்தது.

4. புரோக்கரின் நோட்டுப் புத்தகத்தை எழுத வையுங்கள்

'இடைத்தரகரை ஒழிப்போம்' என்ற வாசகம் நம் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி வரும். அதை எழுதுவதற்கு முன்னால் அவருடைய வரவு செலவை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிடுங்கும் ஆட்களைத் திரட்டிக் கூட்டிவருகிறார். கூலியை அன்றன்றைக்கே கொடுக்கிறார். லாரி பிடிக்கிறார், ஏற்றுக்கூலி கொடுக்கிறார். ஆலையில் பணம் வரத் தாமதமானால் நடுவில் அவர் பணம் நிற்கிறது. நடுவில் மழை வந்து லாரி சேற்றில் மாட்டினால் நஷ்டம் அவருக்கு. இதற்கெல்லாம் விலை போட்டபின் மிஞ்சுவதுதான் அவர் லாபம். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் லாபமாக எழுதுவது இந்தப் பயிற்சியில் எல்லாரும் செய்யும் பிழை. எத்தனை முறை சொன்னாலும் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்காகப் புரோக்கரைப் புனிதர் ஆக்கவும் வேண்டாம். அவர் கொடுக்கும் முன்பணத்தில் ஒரு கட்டு இருக்கிறது. ஆடியில் பள்ளிக் கட்டணத்துக்கோ ஆவணியில் வரும் கல்யாணத்துக்கோ கைநீட்டியவர், தையில் அவர் சொல்லும் விலைக்குக் கிழங்கைக் கொடுத்தாக வேண்டும். பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. வயலில் நடப்பது சும்மா பேச்சு. அப்படியானால் விலைப் பிரச்சினை என்று நாம் நினைத்தது பாதிக்கு மேல் கடன் பிரச்சினை. பயிற்சிக்கு வந்தவர்கள் இதைத் தாங்களாகப் பிடித்தால் கைதட்டலாம்.

5. சீட்டு வைத்து ஒரு பேரம் நடத்துங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும் நேரத்துக்கு இது நல்லது. மூன்று சீட்டுகள் தயார் செய்யுங்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது.

விவசாயி சீட்டு: கிழங்குக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. வயல் தாழ்வானது, மழை தொடர்ந்தால் தண்ணீர் நின்று அழுகும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் பத்து நாள்.

புரோக்கர் சீட்டு: நாளைக் காலை ஓர் ஆலைக்கு ஒரு லோடு அனுப்புவதாகச் சொல்லிவிட்டீர்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள், வேலை இல்லையென்றாலும் பாதிக் கூலி கொடுக்க வேண்டும்.

ஆலை உரிமையாளர் சீட்டு: கிடங்கில் மூட்டைகள் தேங்கி நிற்கின்றன, வடக்கிலிருந்து ஆர்டர் மந்தம். ஆனால் கிழங்கு வராமல் ஆலை நின்றால் ஆட்கள் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள்.

கால் மணி நேரம் பேரம் பேசட்டும். அப்புறம் சீட்டுகளை உரக்கப் படிக்க வையுங்கள். தன்னிடம் எவ்வளவு பலம் இருந்தது என்பதே தெரியாமல் விவசாயி விட்டுக்கொடுத்திருப்பார். அது ஒவ்வொரு முறையும் நடக்கும். பிறகு அதே ஆட்கள் சீட்டு மாற்றிக்கொண்டு மறுபடி ஆடட்டும். மேல்நிலை அதிகாரி யாராவது பயிற்சியைப் பார்க்க வந்திருந்தால் அவருக்கு விவசாயி சீட்டைக் கொடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லலாம். பிடுங்கிய மரவள்ளி இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். அதனால் பிடுங்கியபின் பேரம் பேசுகிறவர் தோற்றவர். ஆனால் பிடுங்காத கிழங்கு மண்ணுக்குள் ஒன்றிரண்டு மாதம் பொறுக்கும். விவசாயிக்கு இருக்கும் ஒரே கிடங்கு அந்த மண்தான். முன்பணமும் தாழ்ந்த வயலும் அந்தக் கிடங்கின் சாவியை அவரிடமிருந்து பறித்துவிடுகின்றன.

6. 'ஏன்' கேட்டுக்கொண்டே போங்கள்

இப்போதுதான் சங்கிலியிலிருந்து அமைப்புக்கு வருகிறோம். ஒரு பிரச்சினையை எடுத்து, ஏன், ஏன் என்று வேர் வரைக்கும் போக வேண்டும். மரவள்ளி இலையைத் திட்டுத்திட்டாக வெளுக்க வைக்கும் வைரஸ் நோயான தேமல் நல்ல உதாரணம்.

விளைச்சல் குறைகிறது. ஏன்? தேமல். ஏன் தேமல்? வெள்ளை ஈ பரப்புகிறது; அதைவிட, நோய் வந்த செடியின் குச்சியையே வெட்டி அடுத்த ஆண்டுக்குக் கரணையாக (நடும் துண்டாக) நடுகிறார்கள். ஏன்? நல்ல கரணை விலைக்கு விற்பார் இல்லை. ஏன் இல்லை? ஆராய்ச்சியாளர்களிடம் தீர்வே இல்லையா? இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் மரவள்ளி நெல்லைப் போலப் பெருகாது. ஒரு செடியின் குச்சியிலிருந்து சுமார் பத்துக் கரணைதான் தேறும். இரண்டு கணுக் கரணை முறையில் அறுபது வரைக்கும் கொண்டுபோகலாம், அதற்கு நாற்றங்கால் வேண்டும், கவனிப்பு வேண்டும். அதோடு, ஒருமுறை வாங்கியவர் அடுத்த ஆண்டு தன் வயலிலிருந்தே எடுத்துக்கொள்வார் என்பதால் விதைக் கம்பெனிக்கு இதில் பெரிய ஆர்வம் வராது.

நான்காவது ஏன்-இல் வந்து நிற்பது பூச்சி மருந்தோ விழிப்புணர்வு முகாமோ இல்லை. நல்ல கரணையைப் பெருக்கி விற்கும் ஒரு தொழில் இல்லாததுதான் அங்கே நிற்கிறது. யாருக்கு அந்தத் தொழிலில் ஆதாயம் உண்டு? சின்ன நாற்றங்கால்காரருக்கு உண்டு. அதிக மாவு வேண்டும் என்று தவிக்கும் ஆலைக்கும் உண்டு. யோசனை இங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தொழிலாக்கிவிட முடியாது என்பதற்கும் மரவள்ளியிலேயே உதாரணம் இருக்கிறது. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவுக்குள் நுழைந்தது. அதை அடக்க அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பெருக்கி, 2022-இல் ஏத்தாப்பூரிலிருந்து அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள்தான் வயல்களில் விட்டன. குளவியை எந்தக் கம்பெனியும் விற்காது. பணம் கொடுத்தவர் வயலை விட்டுப் பக்கத்து வயலுக்குப் பறந்துவிடும். சந்தை செய்யும் வேலை எது, அரசு செய்ய வேண்டிய வேலை எது என்று பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கஷ்டம்.

விதிகளையும் ஒரு பட்டியலாக எழுத வையுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலந்திருக்கிறதா என்ற சோதனை, சேகோசர்வ் ஏல முறை, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு என்று எழுதப்பட்டவை ஒரு பக்கம். 'முன்பணம் வாங்கியவர் வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது' என்பது போல எழுதப்படாதவை மறுபக்கம். இரண்டாவது பட்டியல்தான் கனமாக இருக்கும்.

7. யார் செய்வார், யார் பணம் கொடுப்பார்?

ஒரு தாளில் நான்கு கட்டம். ஒவ்வொரு வேலைக்கும்: இப்போது யார் செய்கிறார், யார் பணம் கொடுக்கிறார், திட்டம் முடிந்தபின் யார் செய்வார், யார் பணம் கொடுப்பார். பின்னிரண்டு கட்டங்களில் உங்கள் நிறுவனத்தின் பெயர் வந்தால் யோசனையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 'அரசு' என்று எழுதினால் எந்தத் துறை, எந்த நிதித் தலைப்பு என்று கேளுங்கள். 'மகளிர் குழு' என்று எழுதினால் அந்தக் குழுவுக்கு அதில் மாதம் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள்.

விவசாயிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது நேராகவே உறைக்கும். 2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு மேலாண்மைச் செலவாக மூன்றாண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தலைமைச் செயல் அலுவலரின் சம்பளம் அதில்தான் வருகிறது. நான்காம் ஆண்டு? அந்தச் சம்பளத்துக்கு எத்தனை டன் கிழங்கை, டன்னுக்கு என்ன கமிஷனில் விற்க வேண்டும் என்று வகுப்பிலேயே பெருக்கிப் பார்க்கட்டும். வரும் விடை பலருக்கு வயிற்றைக் கலக்கும்.

வெளியூர் உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் வங்கதேசத்தைச் சொல்லுங்கள். 2002-இல் தொடங்கிய கட்டாலிஸ்ட் திட்டம், வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் ஏழைகள் தரமான காய்கறி விதை வாங்காததைக் கவனித்தது. பொட்டலம் பெரிது, விலை கட்டுப்படியாகவில்லை. திட்டமே விதை வாங்கி இலவசமாகக் கொடுத்திருக்கலாம், படத்துக்கும் அழகாக இருந்திருக்கும். அவர்கள் விதைக் கம்பெனிகளிடம் பேசிச் சிறு பொட்டலம் போட வைத்தார்கள். கம்பெனிக்குப் புது வாடிக்கையாளர், தோட்டக்காரருக்கு நல்ல விதை.

8. தாளில் வராதவர்கள்

சங்கிலிப் படத்தில் பொருள் வைத்திருப்பவர்கள்தான் வருவார்கள். கிழங்கு பிடுங்கும் கூலிகள், களத்தில் ஜவ்வரிசியைப் பரப்பிக் கிளறும் பெண்கள், குத்தகைக்கு உழுகிறவர் எல்லாம் நழுவிவிடுவார்கள். வரைந்து முடித்ததும், "இதில் சொந்தமாக எதுவும் இல்லாமல் உடம்பை மட்டும் வைத்து உழைப்பவர் யார்?" என்று கேட்டு, சிவப்பு மையால் குறிக்க வையுங்கள். நிலம் கணவர் பெயரில், களையெடுப்பு மனைவி கையில், பணம் யார் கையில் என்பதைப் பெண் களப்பணியாளர்கள் தனியாக, வீட்டுக்குள் போய்க் கேட்டு வரட்டும்.

நன்றாக ஓடும் சங்கிலி நல்லதையே செய்யும் என்ற நினைப்பையும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குக் கூட்டிப்போக முடிந்தால் இதற்காகவே போகலாம். சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் காசுப் பயிராக மரவள்ளி ஏறியது அங்கே. காசு வந்தது, வீட்டுத் தானியம் குறைந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியத்தை மீட்கப் பல ஆண்டுகள் வேலை செய்தபோது கவனித்தவற்றில் ஒன்று, சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு பெண்கள் தலையில்தான் விழுந்தது என்பது. சின்ன அரவை இயந்திரங்கள் மலைக்கு வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. விலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அந்த உரல் கண்ணிலேயே படாது.

9. சின்னதாகச் செய்து பார்க்க வைத்து, சரியானதை எண்ணுங்கள்

பயிற்சியின் முடிவில் ஆளுக்கொரு பெரிய திட்ட அறிக்கை கேட்காதீர்கள். ஒரு ஆலை, ஒரு புரோக்கர், முப்பது விவசாயிகள், ஒரு பருவம் என்று ஒரு சின்னச் சோதனை போதும். உதாரணமாக, ஏற்றும் இடத்திலேயே விவசாயி முன்னால் பாயின்ட் பார்ப்பது. அந்தக் கருவிக்கு உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு கட்டணம் வாங்குவது. அந்தச் சீட்டை ஏற்றுக்கொள்ள ஓர் ஆலையைச் சம்மதிக்க வைப்பது. ஆலைக்காரர் ஏன் சம்மதிக்க வேண்டும்? நல்ல கிழங்கு முதலில் தன் கேட்டுக்கு வரும் என்பதற்காக. அந்தக் காரணம் பலிக்கவில்லை என்றால் சோதனையும் பலிக்காது, அதையும் அப்படியே எழுதி வைக்கட்டும்.

எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். விவசாயி கையில் வந்த தொகை மாறியதா, நம் ஆள் நிற்காத நாளிலும் அதே முறை நடக்கிறதா, பக்கத்து ஆலை கேட்காமலே அதைப் பின்பற்றியதா என்பதுதான் கணக்கு. விலை ஏறியதும் 'எங்கள் திட்டத்தால்' என்று எழுதும் ஆசையைத் தடுக்க, அந்தப் பருவத்தில் மழை எப்படி, மரவள்ளி மாவுக்குப் போட்டியான மக்காச்சோள மாவு விலை எப்படி, திட்டத்தில் இல்லாத ஊரில் கிழங்கு விலை எப்படி என்ற மூன்றையும் பக்கத்திலேயே எழுத வையுங்கள்.

10. மேலாளருக்கும் ஒரு நாள், ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு கூட்டம்

களப்பணியாளர் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டாலும், திங்கட்கிழமை காலை மேலாளர் "இந்த வாரம் எத்தனை பேருக்கு என்ன கொடுத்தாய்?" என்று கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் மேலாளர்களுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். அவர்களுக்குச் சங்கிலி வரையக் கற்றுக்கொடுப்பதைவிட, மாத அறிக்கைப் படிவத்தில் 'பகிர்ந்தளித்த பொருள்கள்' என்ற பத்தியைக் குறைத்து, 'சந்தித்த வியாபாரிகள், தெரிந்துகொண்டது' என்று ஒரு பத்தி சேர்க்கச் சம்மதம் வாங்குவது முக்கியம். படிவம் மாறினால் வேலை மாறும். நிதி கொடுத்தவர் கேட்கிறார் என்று சொல்வார்கள். பாதி நேரம் நிதி கொடுத்தவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

பயிற்சிக்குப் பிறகு மாதம் ஒருமுறை, அரை நாள், ஆறு மாதத்துக்குக் கூடுங்கள். ஒரு கூட்டத்தில் இருவர் மட்டும் தங்கள் சோதனையைச் சொல்லட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். நடக்காமல் போனதைச் சொல்கிறவருக்கு முதல் வாய்ப்பு. முடிந்தால் ஒரு புரோக்கரையோ ஆலை மேலாளரையோ கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவர் கேட்கும் கேள்விகள் நம்முடையதைவிடக் கூர்மையாக இருக்கும். இதற்கு டீ, பஸ் கட்டணம் தவிரப் பெரிய செலவு கிடையாது. ஆனால் ஆறு தேதிகளையும் பயிற்சியின் கடைசி நாளிலேயே குறித்து, மேலாளரின் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். விட்டால் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.